காரின் சாயம் கெடாமல் ஒட்டுத்தாளையும் சின்னத்தையும் எடுப்பது



தோட்டத்துக் குடும்பம் ஒன்று பல ஆண்டுச் சேமிப்பில் வாங்கும் பெரிய பொருள்களில் கார் ஒன்று. பெரும்பாலும் அது பழைய காராகவே இருக்கும். செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து பாலத்தைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்குப் போய், நாலு இடத்தில் விலை கேட்டு, ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருகிறோம். வீட்டு வாசலில் நிறுத்திப் பார்க்கும்போதுதான் கண்ணில் படுகிறது: பின்கண்ணாடியில் யாரோ ஒட்டிய கழகச் சின்னம், கதவில் ஒரு கம்பெனியின் பெயர், பின்மூடியில் பாதி உரிந்த எழுத்துகள். உடனே பிள்ளைகள் சமையலறைக் கத்தியோடு இறங்கிவிடுகிறார்கள். அந்தக் கத்தியைக் கீழே வைக்கச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

காரின் சாயத்தை அழகுக்காகப் பூசியது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அழகு இரண்டாவது. சாயத்தின் முதல் வேலை இரும்புத் தகட்டைக் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் காப்பது. தொழிற்சாலையில் தகட்டின் மேல் துருத் தடுக்கும் அடிப்பூச்சும், அதன் மேல் இன்னொரு பூச்சும், பிறகு நிறமும், கடைசியாகக் கண்ணாடி போன்ற தெளிபூச்சும் ஏறுகின்றன. இத்தனையும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். தெளிபூச்சு மட்டும் பார்த்தால் தலைமயிரின் பருமன்கூடத் தேறாது. கத்தி முனை ஒரு முறை வழுக்கினால் இத்தனையும் தாண்டி இரும்பைத் தொட்டுவிடும். பினாங்கோ கடற்காற்று வீசும் ஊர். வெல்ட் கீ கரையோரம் அன்றாடம் நிறுத்தப்படும் காரில் உப்பு படியாத நாளில்லை. உப்பும் ஈரமும் கீறலுக்குள் புகுந்தால் துரு சாயத்துக்கு அடியிலேயே பரவும். சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே உள்ளங்கை அகலம் அரித்திருக்கும்.

சாயத்தைப் பிய்க்காமல் ஒட்டியதை எடுப்பது எப்படி என்ற கேள்வி புதிதல்ல. உலகம் முழுதும் இன்று புழங்கும் ஒட்டுத்தாள் வகை ஒன்று பிறந்ததே இந்தக் கேள்வியால்தான். 1920-களில் அமெரிக்காவில் இரண்டு நிறக் கார்கள் நாகரிகமாயின. ஒரு நிறம் அடித்து, அதைத் தாளால் மூடி, மறு நிறம் அடிக்க வேண்டும். மூடிய தாளை உரிக்கும்போது புதுச் சாயமும் சேர்ந்து பெயர்ந்து வர, பட்டறைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மினசோட்டா மாநிலத்தில், உப்புத்தாள் செய்துவந்த திரீ-எம் நிறுவனத்தின் இளைஞர் ரிச்சர்ட் டுரூ என்பவர் இதை ஒரு பட்டறையில் நேரில் கண்டார். பல சோதனைகளுக்குப் பிறகு 1925-இல், ஒட்டவும் செய்யும், உரித்தால் சாயத்தை விட்டுவிட்டும் வரும் ஒரு தாள்நாடாவை உருவாக்கினார். இன்றைக்கும் சாயம் அடிப்பவர்கள் ஓரங்களில் ஒட்டுகிறார்களே, அந்த மஞ்சள் நாடா அதன் வழி வந்ததே.

டுரூ கண்டறிந்ததில் நமக்கு வேண்டிய பாடம் இது: சாயத்தைப் பெயர்ப்பது தாளல்ல, பசை. ஆகவே தாளோடு மல்லுக்கட்டுவது வீண். பசையை இளக்கிவிட்டால் தாள் தானாக வரும்.

பசை என்றதும் தோட்டத்தார் நாம் அந்நியப்பட வேண்டியதில்லை. ஒட்டுநாடாக்களிலும் ஒட்டுத்தாள்களிலும் நெடுங்காலம் பயன்பட்ட பசை, இயற்கை ரப்பரோடு மரப்பிசின் கலந்ததுதான். நம் பெற்றோர் விடியலில் வெட்டி எடுத்த பாலின் உறவுக்காரன் அது. பால் வெட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: கையில் காய்ந்த பால் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அசையாது, எண்ணெய் தடவித் தேய்த்தால் நெகிழ்ந்து உருண்டு வரும். காரில் ஒட்டிய ரப்பர்ப் பசைக்கும் அதே மருந்துதான். இப்போது வெளியில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்களில் பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் வேறு வகைப் பசை இருக்கிறது. அது எண்ணெய்க்கு அவ்வளவாக மசியாது. ஆனால் சூட்டுக்கு மசியும். எது எந்தப் பசை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாதாகையால், முதலில் சூடு, பிறகு எண்ணெய் என்ற வரிசையே நல்லது.

சரி, வேலையைத் தொடங்குவோம். முதலில் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். தோட்டச் சாலையின் செம்மண் தூசி ஒட்டியிருக்க, அதன் மேல் துணியைத் தேய்த்தால் அது உப்புத்தாளால் தேய்த்தது போலத்தான். கழுவித் துடைத்தபின் முடி காய வைக்கும் கருவியால் தாளைச் சூடாக்கலாம். ஒரே இடத்தில் பிடிக்காமல் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கை வைத்தால் நல்ல சூடு தெரிய வேண்டும், கையை வெடுக்கென்று எடுக்கும்படி சுடக் கூடாது. அளவு அவ்வளவே. அந்தக் கருவி இல்லையானால், வெந்நீரில் பிழிந்த துணியை ஐந்து நிமிடம் போர்த்தி வைக்கலாம். நம் நாட்டு உச்சிவெயிலில் அரைமணி நேரம் நிறுத்தினாலும் பாதி வேலை முடியும். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களில் சூடு குறைவாக இருக்கட்டும், அவை நெளிந்துவிடும். பட்டறையில் பழைய சாயம் உரிக்கும் சூட்டுத் துப்பாக்கியை வீட்டில் யாரும் கையில் எடுக்க வேண்டாம்.

சூடேறியதும் ஒரு மூலையை நகத்தால் கிளப்ப வேண்டும். நகம் போதவில்லையா? காலாவதியான டச் அண்ட் கோ அட்டையின் ஓரத்தில் மெல்லிய துணி சுற்றிக்கொண்டால் போதும். கிளம்பிய மூலையை மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்கக் கூடாது. வந்த வழியே பின்னால் மடித்து, தகட்டை ஒட்டினாற்போல், மெதுவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு சாண் தாளுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அவசரப்படுகிறவர்கள் பெரியவர்களிடம் இந்த வேலையை விட்டுவிடுவது நல்லது. பத்துப் பதினைந்து ஆண்டு வெயில் தின்ற தாளாக இருந்தால் அப்பளம் போல நொறுங்கும். பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய்ச் சத்து வற்றிப்போனதுதான் காரணம். அதற்கு வேறு வழியில்லை. சிறிது சூடு, சிறிது உரிப்பு என்று விரலளவாக எடுக்க வேண்டியதுதான்.

தாள் போனபின் பசை நிற்கும். இப்போது காரை நிழலுக்குத் தள்ளுங்கள். தகடு ஆறட்டும். சூடான தகட்டில் எந்தத் திரவமும் வைக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் சமையல் எண்ணெயைத் துணியில் நனைத்துப் பசையின் மேல் கால்மணி நேரம் படிய வைத்துத் துடைத்துப் பாருங்கள். ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாக மாறிவிட்ட காலத்தில் ரப்பரின் பிடியைச் செம்பனை எண்ணெய் விடுவிப்பது வேடிக்கைதான். அதற்கும் அசையாவிட்டால் துணியில் சிறிது மண்ணெண்ணெய், அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இரண்டையும் முதலில் எண்ணெய்த் தொட்டி மூடியின் உட்புறம் போன்ற மறைவான இடத்தில் தொட்டுப் பார்த்து, துணியில் காரின் நிறம் ஏறவில்லை என்று உறுதி செய்துகொண்டே பயன்படுத்த வேண்டும். அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் எட்டாத திறந்த வெளியில் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும்.

தின்னர், பெட்ரோல், அக்காமாரின் நகப்பூச்சு நீக்கி - இம்மூன்றும் வேண்டவே வேண்டாம். நகப்பூச்சும் சாயம், காரின் மேலிருப்பதும் சாயம். ஒன்றைக் கரைப்பது மற்றதைச் சும்மா விடுமா? பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரும் தேங்காய் நாரும் பாத்திரத்தோடு இருக்கட்டும்.

சின்னங்களுக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டு பினாங்குக்காரர்களுக்கு மறக்காத ஆண்டு. ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறந்தது. அந்தக் காரின் முகப்பில் இருந்த பிறையும் பதினான்கு முனை நட்சத்திரமும் நாட்டுச் சின்னத்திலிருந்து எடுத்தவை. 2000-இல் புலித்தலை வந்தது. அந்தப் பழைய பிறைச் சின்னத்தைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகையால் பழைய காரின் சின்னத்தைக் கழற்றுமுன் ஒரு தடவை யோசிப்பது நல்லது. புரோட்டோனில் மிட்சுபிஷியையும் பெரோடுவாவில் டைஹாட்சுவையும் ஒட்டிக்கொள்ளும் தம்பிமாருக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை, அது அவரவர் ஆசை.

பெரும்பாலான சின்னங்கள் இருபுறமும் ஒட்டும் மெத்தை நாடாவில் நிற்கின்றன. நெம்பினால் சாயம் நசுங்கும். சூடாக்கிவிட்டு, மீன்பிடிக்கும் தங்கூசி நூலைச் சின்னத்துக்கும் தகட்டுக்கும் இடையில் விட்டு, இரு கையாலும் பிடித்து ரம்பம் போல இழுத்தால் மெத்தை அறுந்து சின்னம் கையில் வரும். மீதி மெத்தையைக் கட்டைவிரலால் உருட்டி எடுக்கலாம். நூல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அங்கே ஆணி இருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு, மூடியின் உட்பக்கம் பார்க்க வேண்டும். ஆணியுள்ள சின்னத்தை எடுத்தால் தகட்டில் துளை மிஞ்சும், துளை வழி மழைநீர் இறங்கும். அப்படிப்பட்டதை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

விட்டுவிட வேண்டிய இன்னொன்றும் உண்டு. விபத்துக்குப் பிறகு மறுசாயம் அடித்த கதவுகளில் சாயம் தகட்டைப் பிடித்திருப்பதைவிடப் பசை சாயத்தைப் பிடித்திருப்பது பலமாக இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் பக்கத்துத் தகட்டோடு நிறம் ஒத்துப்போகிறதா, கண்ணாடி ஓரத்து ரப்பரில் சாயத் துளி தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஒரு மூலையை மட்டும் கிளப்பிப் பார்த்து, சாயத் துகள் ஒட்டி வந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பழைய கம்பெனியின் பெயரோடு ஓடும் கார் ஒன்றும் குறைந்துபோவதில்லை.

எல்லாம் சரியாக எடுத்தபிறகும் தாளின் உருவம் நிழல் போலத் தெரியும். சுற்றியிருந்த சாயம் வெயிலில் வெளுத்திருக்க, தாளுக்கடியில் இருந்தது வெளுக்காமல் இருந்ததால் வரும் வேறுபாடு இது. மெருகு மாவு போட்டு மென்மையாகத் தேய்த்தால் குறையும். ஆனால் ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் தெளிபூச்சில் கொஞ்சம் போகிறது. ஒரு முறைக்கு மேல் வேண்டாம். மீதியை வெயிலே சரிப்படுத்தட்டும்.

கண்ணாடியில் ஒட்டியவற்றுக்குச் சட்டம் வேறு. சோப்பு நீர் விட்டுச் சவர அலகைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டலாம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. பின்கண்ணாடியில் மெல்லிய கோடுகள் ஓடினால் அவை பனி நீக்கும் மின்கம்பிகள், அங்கே அலகு கூடாது. சாலை வரி ஒட்டியைப் பொறுத்தவரை, 2023 பிப்ரவரி முதல் குடிமக்களின் சொந்த வாகனங்களில் அதை ஒட்டிக் காட்டத் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்கள். பழையதைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் புது ஓட்டுநரின் 'பி' அட்டை இரண்டு ஆண்டு இருந்தாக வேண்டும். கதவுத் தூணில் உள்ள சக்கரக் காற்றழுத்த அட்டையிலும், காரின் எண் பொறித்த அட்டையிலும் கை வைக்கக் கூடாது. சரக்கு வண்டியாகவே பதிவில் தொடர்வதானால், கதவில் எழுதியுள்ள எடை விவரங்களைத் தொடுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்காவது சாயம் பெயர்ந்து இரும்பு தெரிந்துவிட்டால், அன்றைக்கே துடைத்து உலர்த்தி, நிறமில்லாத நகப்பூச்சை ஒரு தடவை தடவி வையுங்கள். அடுத்த மழைக்கு அது தாங்கும். பிறகு காரின் தகட்டில் பொறித்திருக்கும் நிற எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால், அதே நிறத்தில் சிறு புட்டி கிடைக்கும்.