ஜால்ரா ஏன் கேட்கவில்லை?



சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போய், செங்காங்கில் மாமா வீட்டில் தங்கியிருந்தோம். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த அந்த ஊரும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலந்தான். மாமா எங்கள் தோட்டத்து ஆலையில் நெடுங்காலம் எந்திரத்தருகே நின்றவர். இப்போது மகளோடு இருக்கிறார்.

ஒரு மாலை, ரிவர்வேலில் இருக்கும் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்துக்கு அவருடன் போனோம். நாதசுரமும் தவிலும் முழங்கின. மாமா தலையாட்டி ரசித்தார். பிறகு எங்கள் பக்கம் குனிந்து, "என்ன மாப்பிள்ளை, அந்தப் பையன் ஜால்ராவைச் சும்மா தட்டுறானே, சத்தத்தையே காணோமே?" என்றார். ஜால்ரா நன்றாகத்தான் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அது காதுக்குள் சென்று செவிப்பறையை அதிர வைக்கிறது. அதன் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அங்கவடி. சுமார் 3 மில்லிமீட்டர். இவை எதற்கு? உட்காதில் இருப்பது காற்றன்று, நீர். ஆற்றில் மூழ்கியிருக்கும்போது கரையிலிருந்து கூப்பிடுவது சரியாகக் கேட்பதில்லை அல்லவா? ஆகவே, செவிப்பறை வாங்கிய விசை அங்கவடியின் சின்னஞ்சிறு பாதத்தில் குவிகிறது. அழுத்தம் சுமார் 20 மடங்காகி நீரை அசைக்கிறது. விரலுக்கு இறங்காத பலகை ஆணி முனைக்கு இடங்கொடுக்கிறதே, அந்தக் கணக்குதான்.

நீர் நிறைந்த அந்தக் குழல் நத்தைக் கூடுபோல இரண்டே முக்கால் சுற்றுச் சுருண்டது. அதனுள் நெடுக ஒரு சவ்வு ஓடுகிறது. கீச்சென்ற ஒலி வாசலருகே சவ்வை மிகுதியாக அசைக்கும். கனத்த ஒலி உள்முனையில் அசைக்கும். இதை ஆராய்ந்து கண்ட ஜார்ஜ் வான் பெக்கெசிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சவ்வின் மேல் வரிசை வரிசையாக மயிர்ச் செல்கள், ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000. அவற்றின் உச்சியில் நுண்ணிழைகள். இழைக்கும் இழைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கயிறு. சவ்வு அசைந்தால் இழை சாயும், கயிறு இழுபடும், ஒரு நுண்வாசல் திறக்கும். மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் உள்ளே பாயும். உடனே செல்லின் அடியிலிருந்து குளுட்டமேட் என்ற இரசாயனம் கசிந்து செவி நரம்பைத் தூண்டுகிறது. ஒலியின் பயணம் அங்கேயே முடிந்தது. மூளைக்குப் போவது மின்துடிப்பு மட்டுமே.

பேரொலியில் நாள்தோறும் நின்றால் இந்த இழைகள் மடங்கிச் செல்கள் மடிகின்றன. கோழிக்கு அவை மறுபடி முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. வாசலை அடுத்த பகுதிதான் முதலில் கெடும். அதனால் மாமாவுக்குத் தவில் கேட்டது, ஜால்ரா கேட்கவில்லை. பேச்சிலும் 'ச' போன்ற ஓசைகள் நழுவிவிடும். "பேசுவது கேட்கிறது, விளங்கவில்லை" என்பார்கள். வீட்டிலோ, கவனமில்லாத கிழவர் என்று பெயர் வாங்குவார்கள். அது பெரிய அநியாயம்.

சிங்கப்பூரின் 2011-ஆம் ஆண்டு விதிப்படி வேலையிடத்தில் 85 டெசிபெல் ஒலியில் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது. 88 ஆனால் 4 மணி நேரமே. தோட்டத்தில் முதுகில் மாட்டும் புல்வெட்டும் மிஷின் பெரும்பாலும் 90-ஐத் தாண்டும். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த ஒலி காதுக்கு ஆகாது என்று கொள்ளலாம்.

இதையெல்லாம் அன்றிரவு மாமாவிடம் உரக்கச் சொன்னோம். காதுக் கருவியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தோம். "எங்க வீட்டுப் பையன் மிஷின் பிடிக்கிறானே, காதில் என்ன வைக்கிறான்?" என்றார். பஞ்சு என்றோம். பஞ்சு போதவே போதாது.

மறுநாள் தேக்காவில் சாமான் வாங்கப் போனவர், ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில் காதுமூடி ஒன்று வாங்கிவந்து எங்கள் பெட்டியில் வைத்தார். ஊர் திரும்பியதும் மச்சானிடம் கொடுத்தோம். வியர்த்துக் கொட்டுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டேதான் மாட்டுகிறார்.