மலைவழியில் உடல் தூய்மையும் உடைத் தூய்மையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், விடுமுறையில் சஹ்யாத்ரி மலையேறப் புறப்படும் நம் இளைஞர் சிலர் அவ்வருமையை வீட்டிலேயே விட்டுச் செல்கின்றனர்.

ரத்தன்கட் கோட்டையில் தொடங்கிக் காத்ராபாய்க் கணவாய் வழியாக ஹரிச்சந்திரகட்டை அடைய இரண்டு மூன்று நாள் நடக்கவேண்டும். கோட்டைகளின்மேல் பாறையைக் குடைந்து முன்னோர் அமைத்த நீர்த்தொட்டிகளே கதி. மராத்தியர் இவற்றை ‘டாக்கே’ என்பர். நம் நாட்டு மலைச்சுனைக்கு உறவு என்னலாம். பெரும்பாலானவற்றை நிரப்புவது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையே. பின்னர் எட்டு மாதம் புதுநீர் வரவு இல்லை. நவம்பரில் ஒருவர் கரைத்த அழுக்கை மே மாதத்தில் மற்றொருவர் பருகுகிறார்! ஒரு கோட்டையில், இளைஞர் கூட்டமொன்று தொட்டிக்குள் இறங்கிச் சோப்பு நுரை பொங்கத் துணி துவைத்ததை நாம் கண்டோம். நீர் மொள்ள வந்த கிராமத்து அம்மையார் ஒரு சொல்லும் பேசாது வெறுங்குடத்துடன் திரும்பினார்.

குளிக்காமல் இருங்கள் என்று நாம் கூறவில்லை. பாத்திரத்தில் நீர் மொண்டு, தொட்டியினின்று 200 அடி, அதாவது எழுபது எண்பது எட்டு, அப்பால் செல்லுங்கள். இரண்டு சொம்பு நீர் போதும். அக்குள், தொடை இடுக்கு, பாதம் இம்மூன்றையும் ஈரத்துண்டால் நன்கு துடைத்து உலரவிட்டால் படர்தாமரையும் தோலுரிதலும் பெரும்பாலும் அணுகா. முகத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். மலையில் யார் பார்க்கப்போகிறார்கள்? மண்ணில் மக்கும் சோப்பு என்று விற்பதனையும் நீரில் கலக்கலாகாது. அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலேதான் மிகுதி.

துவைக்க வேண்டியவை காலுறையும் உள்ளாடையும் மட்டுமே. சோப்பின்றி அலசி, உலர்ந்த துண்டில் சுருட்டி முறுக்கினால் பாதி ஈரம் போய்விடும். எஞ்சியதை முதுகுமூட்டையின்மேல் ஊக்கு குத்தித் தொங்கவிட்டு நடந்தால் வெயில் பார்த்துக்கொள்ளும். பருத்தி உலர நெடுநேரமாகும். பாலியெஸ்டர் விரைவில் உலரும். வேட்டியைப் பழித்ததாக எவரும் கொள்ளவேண்டாம்!

உறங்குவதற்கென ஓர் உடையை எப்பொழுதும் உலர்ந்ததாகவே வைத்திருங்கள். மழைநாளில் விடியற்காலையில் ஈர உடையையே மீண்டும் அணிவது கசப்பான காரியந்தான். உலர்ந்ததையும் நனைத்துக்கொண்டாலோ, அன்றிரவு மலைக்காற்றில் போர்த்திக்கொள்ள ஒன்றும் இராது.