மொத்த மதிப்பெண் போதாது



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என ஆண்டுக்கு மும்முறை மதிப்பெண் பட்டியல்கள் என் மேசைக்கு வரும். பெற்றோர் வந்தால் முதற்கண் கேட்பது, “மொத்தம் எவ்வளவு ஐயா?” என்பதே. 500க்கு 310 பெற்ற பையன் கணக்கில் 22 பெற்றிருப்பான். தமிழும் வரலாறும் அக்குறையை மூடி மறைத்திருக்கும். ஆதலால், பாடவாரியாகப் பாராமல் எந்தப் பட்டியலிலும் கையெழுத்திடலாகாது என்று புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வதுண்டு.

ஒரே ஒரு பட்டியலின்போது மட்டும் என் சொல்லை நானே மறந்தேன். அதனைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர், மெலிந்த உடலினர். புலால் உண்ணார்; புகையிலையையும் மதுவையும் தொடார். 2011ஆம் ஆண்டில் ஒருநாள் இரத்தப் பரிசோதனைத் தாளொன்றை என்னிடம் நீட்டினார். முதல் வரியில், மொத்தக் கொலஸ்டிரால் 190 என்றிருந்தது. 200க்குள் இருந்தால் நலம் என்று நான் எங்கோ படித்திருந்தேன். “தேறிவிட்டீர்கள் சார்!” என்று சிரித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் அதனை வைத்தியரிடம் காட்டாமலே மடித்து வைத்துவிட்டார். மறு ஆண்டு, ஒரு விடியற்காலையில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 52.

துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தபோது அந்தத் தாளை மறுபடியும் பார்க்க நேர்ந்தது. முதல் வரியின் கீழே மேலும் சில வரிகள் இருந்தன. அவற்றை நான் அன்று படிக்கவில்லை. பின்னர்ப் படித்தும், வைத்தியர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

கொலஸ்டிரால் என்பது நஞ்சன்று. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சுவருக்கும் அது வேண்டும். அதிற் பெரும்பகுதியை உடலே உண்டாக்கிக்கொள்கிறது. எனினும் எண்ணெயும் நீரும் ஒட்டா என்பது நாம் அறிந்ததே. நீர் மிகுந்த இரத்தத்தில் கொழுப்பு தானாகக் கரைந்து ஓடாது. ஆகவே உடல் அதனைப் புரதப் போர்வை போர்த்திய நுண்ணிய மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. அவற்றுள் எல். டி. எல். என்னும் மூட்டைகள் கொலஸ்டிராலை உடலெங்கும் கொண்டு செல்கின்றன. எச். டி. எல். என்பவை எஞ்சியதைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொணர்கின்றன. டிரைகிளிசரைடு என்பது எரிபொருளாகப் பயன்படும் கொழுப்பு; அதற்கும் தனி மூட்டைகள் உண்டு.

எல். டி. எல். மூட்டைகள் அளவுக்கு மிஞ்சினால், இருதயத்துக்கு இரத்தம் கொணரும் நாளங்களின் உட்சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. பல்லாண்டுகள் ஓசையின்றிப் படிந்து சுவர் தடிக்கிறது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழி அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு.

இது எவ்வாறு தெரிய வந்தது? 1913ஆம் ஆண்டில் அனிச்கோவ் என்னும் ருஷிய விஞ்ஞானி முயல்களுக்குக் கொலஸ்டிராலை ஊட்டி, அவற்றின் நாளங்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். முயலுக்கு நேர்வது மனிதனுக்கும் நேருமா என்று பலர் ஐயுற்றனர். 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரத்தில் 5,209 ஆடவர் பெண்டிரைத் தேர்ந்து, ஆண்டுக் கணக்காகத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினர். கொலஸ்டிரால், இரத்த அழுத்தம், புகைப் பழக்கம் ஆகியவை மிகுந்தவர்களை இருதய நோய் மிகுதியாகப் பற்றுவதை அவ்வாய்வு தெளிவாக்கிற்று. 1994ஆம் ஆண்டில் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வோ இன்னும் ஒரு படி முன் சென்றது. இருதய நோயுற்ற 4,444 பேரில் ஒரு பாதியினருக்கு எல். டி. எல்.லைக் குறைக்கும் மருந்தும், மறுபாதியினருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்தனர். ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேல் சென்றபின் எண்ணியபோது, மருந்தில்லாதோரில் 256 பேரும், மருந்துண்டோரில் 182 பேரும் இறந்திருந்தனர். எல். டி. எல். வெறும் அடையாளம் மட்டுமன்று, காரணமுமாகும் என்பதற்கு இது வலிய சான்று.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். அதிலுள்ள எண்கள், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்னும் கணக்கைக் குறிப்பவை. மொத்தம் 190. எச். டி. எல். 32, ஆடவருக்கு அது 40க்குக் குறையாதிருத்தல் நலம், பெண்டிருக்கு 50. டிரைகிளிசரைடு 290, அது 150க்குள் இருத்தல் வேண்டும். மொத்தத்தில் தேறிய என் நண்பர், இரண்டு பாடங்களில் தவறியிருந்தார்!

எல். டி. எல். என்ற வரியில் 100 என்றே இருந்தது. அதுவும் கண்ணை மயக்கும் எண்ணே. டிரைகிளிசரைடு மிகுந்தவர்களிடம் எல். டி. எல். மூட்டைகள் சிறியனவாகவும் எண்ணிக்கையில் மிகுந்தும் இருக்கும். தராசு மூட்டைகளுக்குள் இருக்கும் சரக்கின் எடையைச் சொல்லுமேயன்றி, மூட்டைகள் எத்தனை என்று சொல்லாது. நாளத்தின் சுவரில் புகுபவையோ மூட்டைகள்.

இதற்கு எளிய கழித்தற் கணக்கு ஒன்றுண்டு. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச். டி. எல்.லைக் கழியுங்கள். மீதி, தீங்கு செய்யவல்ல மூட்டைகள் அனைத்தும் சுமக்கும் கொலஸ்டிரால். பொதுவாக அது 130க்குள் இருத்தல் நலம். 190இல் 32 போக மீதி 158. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது. ஒரு தலைமையாசிரியரும் ஒரு கணித ஆசிரியரும் அன்று அதனைப் போடவில்லை.

எச். டி. எல். குறைந்தும் டிரைகிளிசரைடு மிகுந்தும் இருக்கும் இந்த அமைப்பு நம் நாட்டவரிடையே பெரிதும் காணப்படுவது. மெலிந்தவர், சைவ உணவினர் என்பதால் மட்டும் ஒருவர் இதற்குத் தப்பிவிடுவதில்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் என்னும் ஆய்வின்படி, தெற்காசிய மக்களை முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதில் தாக்குகிறது. ஏனைய நாட்டினரை ஏறத்தாழ 59 வயதில். ஆறு ஆண்டு வேறுபாடு! ஒரு மகளின் திருமணத்தையும் ஒரு மகனின் படிப்பையும் கண்ணாரக் காண அந்த ஆறு ஆண்டுகள் போதுமன்றோ?

அப்படியானால் எச். டி. எல்.லை மருந்தால் உயர்த்திவிட்டால் தீர்ந்ததல்லவா என்று நீங்கள் கேட்கலாம். அறிஞர்களும் அவ்வாறே எண்ணினர். எச். டி. எல்.லை வெகுவாக உயர்த்திய ஒரு புது மருந்தைப் பல்லாயிரவருக்குக் கொடுத்துப் பார்த்தனர். மருந்துண்டோரிடையே இறப்பு மிகுந்ததால் 2006ஆம் ஆண்டில் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. நன்றாகப் படிக்கும் மாணவனின் கையெழுத்து பெரும்பாலும் அழகாயிருக்கும். அதற்காக, கையெழுத்தைத் திருத்திவிட்டால் கணக்கு வந்துவிடுமா? எச். டி. எல். நல்லதோர் அடையாளம், அதனை மட்டும் உயர்த்துவது சிகிச்சை ஆகாது. எல். டி. எல்.லோ குறைத்தால் பயன் தருவது. அடையாளம் வேறு, காரணம் வேறு என்ற இப்பாகுபாட்டை மறவாதீர்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இவ்வெண்கள் யாருக்கும் தீர்ப்பு எழுதுவதில்லை. என் நண்பர் இவற்றாலேதான் இறந்தார் என்று நான் உறுதி கூறமாட்டேன். எண்கள் நன்றாயிருந்தும் நோயுற்றவர் உண்டு, கெட்டிருந்தும் நெடுநாள் வாழ்ந்தவர் உண்டு. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகையிலை, வயது, குடும்ப வரலாறு ஆகியவற்றோடு சேர்த்தே வைத்தியர் இவற்றை எடை போடுவார். முன்பே மாரடைப்பு வந்தவருக்கு அவர் வைக்கும் எல்லைகள் இன்னும் கடுமையானவை. ஆகவே, தாளை மடித்து வைக்காமல் அவரிடம் எடுத்துச் செல்லுங்கள். என்னைப் போன்றவரிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டாம்.

நண்பரின் மகனுக்கு 27 வயதானபோது நான் வற்புறுத்திப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தந்தையின் தாளில் இருந்த அதே அமைப்பு அவனிடமும் இருந்தது. வைத்தியர் சொற்படி மாலைதோறும் விரைந்து நடக்கிறான். சோற்றையும் இனிப்பையும் குறைத்திருக்கிறான். ஆண்டுக்கொருமுறை தாளுடன் என் வீட்டுக்கு வருகிறான். திண்ணையில் அமர்ந்து இருவரும் அந்தக் கழித்தலைப் போடுகிறோம். சென்ற முறை மீதி 121 வந்தது. அன்று நான், “தேறிவிட்டாய்” என்று சொல்லவில்லை. “வைத்தியரிடம் காட்டிவிட்டாயா தம்பி?” என்றுதான் கேட்டேன்.