விரல் தொட்டதை வரைவோம்



நான் பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி. எங்க குழுவில் துணிப்பை தைத்து, அதில் காய், பூ வரைந்து விற்கிறோம். வெறும் பையைவிட படம் போட்ட பைக்கு விலை கூடக் கிடைக்குது. ஆனா நம்மில் பல பேர் "எனக்கு வரைய வராதுக்கா"ன்னு சொல்லி, வெளியாளுக்குக் கூலி கொடுக்கிறோம். அந்தக் காசு நம்ம கையிலேயே நிற்கணும். அதுக்கு ஒரே வழிதான் சொல்றேன்: வரையறதுக்கு முன்னாடி தொட்டுப் பாருங்க.

பீர்க்கங்காயை எதிரில் வைத்துப் பார்த்தா நாலஞ்சு நரம்புதான் தெரியும். கண்ணை மூடி, கட்டைவிரலால் சுத்தி எண்ணுங்க, பத்து இருக்கும். காய் எப்படி உருண்டு பின்பக்கம் போகுதுன்னு விரல் சொல்லிடும். அப்போ நடு நரம்புகளை அகலம் விட்டும், ஓரத்தில் நெருக்கியும் நாமே போடுவோம். முருங்கைக்காயை உருட்டினா மூணு பட்டை. துளசித் தண்டும் பிரண்டையும் நாலு பட்டை. பிரண்டையை ஒடிக்காம தொடுங்க, சாறு பட்டா அரிக்கும்.

முதல்ல கண்ணை மூடி, காம்பில் இருந்து நுனி வரை ஒரு விரலை மெதுவா ஓட்டுங்க. அடுத்து, அதே விரலை அதே வேகத்தில் வெறும் தாளில் ஓட்டுங்க. அப்புறம்தான் பென்சில். மேடு வந்தா கோடு லேசா, பள்ளம் வந்தா அழுத்தி. பள்ளத்திலதானே நிழல் விழும்!

பிள்ளைங்களோட அறிவியல் படத்துக்கும் இதே வழிதான். செம்பருத்தியைப் பிரித்துத் தொடச் சொல்லுங்க. இதழ் அஞ்சு, நடுவில் மகரந்தக் குழல், நுனியில் அஞ்சு சூல்முடி. தொட்டு வரைஞ்ச பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வெண்டைக்காய் முத்தினதா பிஞ்சான்னு நுனியை ஒடிச்சே கண்டுபிடிக்கிற கை நம்ம கை. மாவு பதத்தைத் தொட்டே சொல்ற கை. அந்தக் கைக்கு வரைய வராதுன்னு யார் சொன்னது?

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் குழுவுக்கு ஒரு காய், ஒரு பென்சில் கொண்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து தொடுவோம், வரைவோம்.