ஜனவரி 3
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவை ஜனவரி 3 அன்று வைப்பது என்று தீர்மானம் போட்டபோது, "பொங்கலுக்கு முந்தி வச்சாத்தான் கூட்டம் வரும், பிறகு அறுப்பு வந்துரும்" என்பதுதான் காரணம். எனக்குப் பத்து நிமிஷம் பேசக் கொடுத்திருக்கிறார்கள். சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் ஆண்டறிக்கையில் வாசித்தாகிவிட்டது. அதனால் இந்தத் தேதியைப் பற்றியே பேசலாம் என்று நூலகத்தில் போய்ப் பார்த்தேன். யார் யாரெல்லாம் இன்னைக்குப் பிறந்திருக்காங்க தெரியுமா?

முதலில் நம்ம சிவகங்கைச் சீமை ராணி, வேலு நாச்சியார். 1730 ஜனவரி 3 அன்று ராமநாதபுரம் சேதுபதி வீட்டில் பிறந்தவர். வாள், வேல், சிலம்பம், குதிரை எல்லாம் கற்றவர். 1772-ல் காளையார்கோவிலில் கும்பினிப் படையும் நவாப் படையும் சேர்ந்து அவர் கணவர் முத்துவடுகநாதரைக் கொன்றுவிட்டன. மகள் வெள்ளச்சியோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குப் போய், கோபால நாயக்கர் ஆதரவில் எட்டு வருஷம் இருந்தார். சும்மா இருக்கவில்லை. மருது சகோதரர்களோடு சேர்ந்து படை திரட்டினார், ஹைதர் அலியிடம் உதவி கேட்டு வாங்கினார், 1780-ல் சிவகங்கையை மீட்டார். அப்போது அவருக்கு வயசு 50. நம்ம வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 436 ரூபாய் பிடிக்கிறார்களே, அந்த ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தில் 50 தாண்டினால் புதுசா சேர முடியாது. ராணியம்மா அந்த வயசில்தான் சீமையையே திரும்பப் பிடித்திருக்கிறார்! 1796 டிசம்பர் 25-ல் இறந்தார்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்தியது. வேலு நாச்சியாருக்குப் பிறந்த தேதி இருக்கிறது, இறந்த தேதி இருக்கிறது. அரண்மனையில் பிறந்தவர், எழுதி வைக்க ஆள் இருந்தது. அவருக்காக உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்ததாகச் சொல்கிறோமே குயிலி, அவர் பிறந்த நாள் எது? ராணி போன வழியைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று வெட்டுப்பட்டுச் செத்த உடையாள்? கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலுக்குப் போகாதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டீர்கள். காசு வெட்டிப் போடுகிறோம், நேர்த்திக்கடன் செய்கிறோம். சாமியாகவே ஆக்கிவிட்டோம். ஆனால் தேதி கிடையாது. ஆடு மாடு மேய்த்த வீட்டுப் பெண்ணுக்கு யார் எழுதி வைப்பார்கள்?

இதே ஜனவரி 3-ல், நூற்றியொரு வருஷம் கழித்து, 1831-ல் மகாராஷ்டிரத்தில் சத்தாரா பக்கம் நாய்காவ் என்ற கிராமத்தில் பிறந்தவர் சாவித்திரிபாய் புலே. அரண்மனை இல்லை, விவசாயக் குடும்பம். 9 வயசில் கல்யாணம். மாப்பிள்ளை ஜோதிராவுக்கு 13. கல்யாணமாகும்போது அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புருஷன்தான் சொல்லிக் கொடுத்தார். 1848-ல் புனேயில் பெண் பிள்ளைகளுக்கு இருவரும் பள்ளிக்கூடம் ஆரம்பித்தபோது டீச்சருக்கு வயசு 17.

பள்ளிக்கூடம் போகும் வழியில் அவர் மேல் சாணியும் கல்லும் எறிந்தார்கள். அவர் என்ன செய்தார் என்றால், பையில் இன்னொரு சேலை எடுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் போய் மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார். எனக்கு அந்த இரண்டாவது சேலைதான் ரொம்பப் பிடித்தது. குழு ஆரம்பித்த காலத்தில் "பொம்பளைங்களுக்கு என்ன மீட்டிங்கு" என்று டீக்கடையில் பேசியதைக் கேட்டுக்கொண்டே நடந்து வந்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதோடு நிற்கவில்லை. விதவைகள் கர்ப்பமானால் கிணற்றில் விழுவது, பிறந்த பிள்ளையைக் கொல்வது என்று இருந்த காலம். 1863-ல் அந்தப் பெண்கள் வந்து பிள்ளை பெற்றுக்கொள்ள ஒரு இடம் வைத்தார்கள். அப்படி வந்த ஒருவரின் பிள்ளையைத்தான் தத்தெடுத்து, யஷ்வந்த் என்று பெயர் வைத்து, டாக்டராக்கினார்கள். 1890-ல் ஜோதிராவ் இறந்தபோது கொள்ளிச்சட்டியை யார் ஏந்துவது என்று சொந்தக்காரர்கள் பிரச்சினை செய்ய, சாவித்திரிபாயே ஏந்தி முன்னால் நடந்தார். 1890-ல்! இன்னைக்கு நம்ம ஊரில் நடந்தால் எத்தனை பேர் சும்மா இருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். 1897-ல் பிளேக் வந்தபோது, நோய் கண்ட ஒரு பையனை முதுகில் சுமந்து மகன் நடத்திய சிகிச்சை முகாமுக்குக் கொண்டுபோனார். அந்த நோய் அவருக்கும் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். வயசு 66.

அவரோடு வேலை செய்தவர் பாத்திமா ஷேக். 1856-ல் சாவித்திரிபாய் புருஷனுக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பெயர் வருகிறது. மற்றபடி அவரைப் பற்றி எழுத்தில் இருப்பது ரொம்பக் குறைச்சல். குயிலி, உடையாள் கதைதான் இங்கேயும்.

இன்னும் சிலரை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வீரபாண்டிய கட்டபொம்மன் பிறந்ததும் ஜனவரி 3, வருஷம் 1760. அவர் கதை உங்களுக்கு சினிமாவிலேயே மனப்பாடம். ஜெய்பால் சிங் முண்டா, 1903. ஜார்க்கண்ட் பக்கத்துப் பழங்குடி. 1928 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய நம் ஹாக்கி அணியின் கேப்டன். பிறகு அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தபோது, இந்தச் சபையில் ஆம்பளைகள் அதிகமாக இருக்கிறார்கள், பெண்கள் இன்னும் வேண்டும் என்று எழுந்து பேசினார். 2002-ல் இதே நாளில் இறந்தவர் சதீஷ் தவான், ஸ்ரீஹரிகோட்டா மையத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அவர். 1979-ல் ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகைக்காரர்கள் முன்னால் தலைவராக அவரே போய் பதில் சொன்னார். அடுத்த வருஷம் ஜெயித்தபோது அப்துல் கலாமைப் பேசச் சொன்னார். குழுத் தலைவிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, நம்ம தேதிக்கு வருவோம். எங்கள் குழுவில் 14 பேர். 5 பேருக்கு ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1. ஐந்து வீட்டிலும் ஒரே நாளில் பிரசவமா? எங்க காலத்தில் வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்லுவார். தொட்டால் 5 வயசு. தேதியை அவரே போட்டுக்குவார். பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கு அதுவும் இல்லை. "நீ தனுஷ்கோடி புயலுக்கு அடுத்த தையில பொறந்தவ" என்று அம்மா சொன்னதுதான் சான்றிதழ்.

தனுஷ்கோடி புயல் 1964 டிசம்பர். அப்படியென்றால் அந்த அக்கா பிறந்தது 1965 ஜனவரி அல்லது பிப்ரவரி. 60 முடிந்துவிட்டது. ஆதாரில் அவருக்கு 1971 என்று இருக்கிறது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் பென்ஷன் கேட்டுப் போனால், வயசு ஆகலை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இன்னொரு அக்கா இறந்துபோனார். பாஸ்புக்கில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி. காப்பீட்டுப் பணத்துக்காக அவர் மகள் ஓர் அலுவலகத்துக்குப் பதினாலு மாசம் நடந்தாள். கூலியை விட்டுவிட்டு நடந்தாள். ஒவ்வொரு தடவையும் வேற ஒரு காகிதம் கேட்டார்கள். இறந்தது நிஜம், பிரீமியம் கட்டியது நிஜம், தேதி மட்டும் பொருந்தவில்லை.

அதனால் என் கோரிக்கை இது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழு ஊக்குநரும் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துட்டு வாங்க. ஒவ்வொருத்தர் ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு மூணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வித்தியாசம் இருந்தால் தனித் தாளில் எழுதுவோம். பள்ளிக்கூட டி.சி. பழைய டிரங்குப் பெட்டியில் கிடந்தால் தேடி எடுங்க. ஆதாரில் பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்றித் தருவார்கள், அதனால் சரியான சான்று கையில் இல்லாமல் அவசரப்பட்டு யாரும் போக வேண்டாம். வீட்டில் மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்றால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதியணும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவங்களே அனுப்புவாங்க, ஆனால் பெயரும் தேதியும் சரியா வந்திருக்கா என்று சான்றிதழை வாங்கிப் பாருங்க.

காகிதமே இல்லாதவர்கள், உங்களைப் பிரசவம் பார்த்த பாட்டியோ, கூடப் பிறந்த அக்காவோ இருந்தால் அவங்களையும் கூட்டிட்டு வாங்க. எந்தப் புயல், எந்தத் திருவிழா, எந்த வருஷத்து வெள்ளம் என்று அவங்க சொல்லட்டும். சொன்னபடியே நம்ம பதிவேட்டில் ஏற்றிவைப்பேன். நோட்டும் பேனாவும் நான் கொண்டு வர்றேன்.