பற்றை வெட்டும் கத்தியும் மருந்து டேங்கியும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



பற்றை, கொடி, அடிக்கட்டை ஆகியவற்றுக்குக் களைகொல்லி போடுவது பற்றி இன்று பேசுகிறோம். நாம் இதை "மருந்து" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயர் அப்படி இருப்பதால் பயமும் விட்டுப்போகிறது. ஆனால் அது நஞ்சு. பராகுவாட் என்ற களைகொல்லி கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் நுரையீரலைக் கெடுத்துவிடும், அதற்கு மாற்று மருந்தும் இல்லை. அதனால்தான் நமது நாட்டில் 2008 முதல் அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். கிளைபோசேட்டை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதித்தார்கள். இப்படிச் சட்டம் மாறி மாறி வருவதால், லேபல் இல்லாத போத்தலில் யார் எதைத் தந்தாலும் வாங்காதீங்க. லேபலில் எந்த வேலைக்கு என்று எழுதியிருக்கிறதோ அந்த வேலைக்கு மட்டுமே அது. வாசிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம், கணக்கப்பிள்ளையிடமோ படிக்கிற பிள்ளையிடமோ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கத்தி முதலில்

சின்னப் பற்றையை மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்கிவிடலாம், அதற்கு மருந்தே தேவையில்லை. தேயிலைமேல் ஏறிய கொடிக்கு டேங்கியால் அடித்தால் கொழுந்தும் சேர்ந்து கருகும். ஆகவே கொடியைக் கையால் இழுத்து எடுங்கள். மிக்கானியா போன்ற கொடி கணுவுக்குக் கணு வேர் விடும். அறுத்த துண்டுகளை மலையிலேயே போடாமல், பாறைமேல் போட்டுக் காய விடுங்கள்.

வெட்ட வெட்டத் துளிர்க்கும் கட்டைக்குத்தான் மருந்து. அங்கேயும் டேங்கி வேண்டாம். லேபலில் கட்டைக்குப் போடலாம் என்றிருந்தால், நிலத்தோடு ஒட்ட வெட்டி, மரத்தூளைத் துடைத்துவிட்டு, சில நிமிடங்களுக்குள் தூரிகையால் பூசுங்கள். பட்டைக்கு உட்புறம் உள்ள பச்சை வளையம்தான் உயிருள்ள இடம். அங்கே பூசினால் போதும், நடுக்கட்டையை நனைப்பது வீண். வெட்டி வைத்துவிட்டு மறுநாள் போனால் வெட்டுவாய் காய்ந்துவிடும், மருந்தும் சரியாக இறங்காது. கொஞ்ச மருந்தைச் சரியான இடத்தில் வைத்தால் கட்டையும் சாகும், நம் உடம்பும் தப்பும்.

இன்னொன்று. பழைய நிழல் மரக் கட்டைகளில் இருந்து வேர்நோய் தேயிலைக்குப் பரவும். களைகொல்லி கட்டையைக் கொல்லும், மண்ணுக்குள் உள்ள நோயை எடுக்காது. நோய் கண்ட இடத்தில் வேரைத் தோண்டி எடுத்தே ஆகவேண்டும்.

கலக்கும்போது கவனம்

அதிக ஆபத்து, தண்ணீர் சேர்க்காத மருந்தை அளந்து ஊற்றும் நேரத்தில்தான். கையுறை, பூட்ஸ், கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் அப்போதே போட்டிருக்க வேண்டும். கானில் ஓடும் கலங்கல் தண்ணீரில் கிளைபோசேட்டைக் கலக்காதீர்கள். அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு வலுவிழந்துவிடும். பீலிக்கும் ஓடைக்கும் பக்கத்தில் கலக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். கீழ் லயத்துக்காரர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

காற்று வீசினாலும், மழை வரும்போல இருந்தாலும் டேங்கியை எடுக்காதீர்கள். நொசில் அடைத்தால் வாயால் ஊதாதீங்க. வேலை நடுவில் வெற்றிலையும் பீடியும் வேண்டாம்.

வீட்டுக்கு நஞ்சு வரக்கூடாது

வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். மருந்தடித்த உடுப்பை வேறாக ஊற வைத்துத் துவையுங்கள். மருந்தை சோடாப் போத்தலில் ஊற்றி லயத்துக்குக் கொண்டு வருவது பெரிய ஆபத்து. பிள்ளைக்கு அது குடிக்கிற தண்ணீராகத் தெரியும். மனம் உடைந்தவர் கைக்கும் அது எட்டிவிடும். மீதி மருந்து ஸ்டோரில், பூட்டுக்குள் இருக்கட்டும். காலிக் கேனை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை டேங்கியிலேயே ஊற்றி, கேனை ஓட்டை போட்டு ஸ்டோரில் கொடுங்கள். அதில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ பிடிக்க வேண்டாம்.

மேலில் கொட்டினால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டு அலசுங்கள். யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், லேபலையும் கையோடு கொண்டு போங்கள்.

கடைசியாக, கையுறையும் பூட்ஸும் சவர்க்காரமும் யாரும் தருகிற தயவு அல்ல. இவை இல்லாமல் மருந்தடிக்கச் சொன்னால், "முதல்ல சாமானைக் கொடுங்க, அப்புறம் அடிக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தயங்கினால் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். வேலையில் விபத்து நடந்தால் அன்றைக்கே தோட்ட ஆபீஸில் பதிய வையுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கேட்கப் போகும்போது அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

பற்றையை அடுத்த மாதமும் வெட்டலாம். கெட்டுப்போன கண்ணையும் நுரையீரலையும் திரும்ப வாங்க முடியாது.