பிடியரிசிக் கலயம்



போன வருஷம் கர்த்தருக்குள் நித்திரையடைந்த என் மாமியாரைப் பற்றி நாலு வார்த்தை பேசுறேன். நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். எங்க திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை பழைய வழக்கம். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, கோயிலில் கொண்டுபோய்ப் படைப்பாங்க. மழை பொய்த்து, பீடிக் கூலியில் கஞ்சி குடித்த நாளிலும் அத்தை அந்தப் பிடியை நிறுத்தியதில்லை.

1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் எங்க ஊருக்கும் வந்தப்போ, "சாப்பாட்டுக்கே பத்தலை, சேமிப்புக்கு எங்கே போக?"ன்னு எல்லாரும் தயங்கினோம். "மிச்சம் வந்தா எடுக்கிறது இல்லம்மா, முதல்லயே எடுக்கிறது"ன்னு சொல்லி, அத்தைதான் முதல் ஆளா சேமிப்புப் பணத்தை வச்சாங்க.

புருஷனை இழந்த ஒரு சகோதரி நாலு மாசம் தவணை கட்டலை. பேரை எடுத்துடலாம்னு பேச்சு வந்தது. "அவ வீட்டு அடுப்பைப் பார்த்துட்டு வந்து பேசுங்க"ன்னாங்க அத்தை. அதுக்கப்புறம் யாரும் வாய் திறக்கலை. அவகாசம் கொடுத்தோம். அந்தச் சகோதரி முழுக் கடனையும் கட்டி முடிச்சாங்க.

அத்தையோட வேதப் புத்தகத்துக்குள்ளேதான் குழுப் பாஸ்புக்கும் இருந்தது. கலயம் இப்போ என் அடுப்படியில் இருக்கு.